கீழ்நோக்கி எண்ணிய வெப்பமானி

ஒரு வெப்பமானியை வெடிகுண்டாக்கியவன் நான். அதுவும் ஒரு கம்பியைத் தொடாமல், ஒரு ஆணியைக் கழற்றாமல், கணினித் திரையில் ஓர் இலக்கத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, கொஞ்சம் சிவப்பாக்கிச் செய்தேன். பார்க்க அழகாக இருக்கட்டுமே என்றுதான். இதைவிடப் பெரிய முட்டாள்தனங்கள் என் பணிக்காலத்தில் இன்னும் இரண்டு உண்டு. அவற்றை எழுதினால் ஓய்வூதியத்தை நிறுத்திவிடுவார்கள் என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, போன மாதம் நீங்கள் என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டு, வடையெல்லாம் தந்து, ஒரு கேள்வி கேட்டீர்கள். படம் வரைந்து நிரல் எழுதும் மொழியிலிருந்து, சி மொழியில் எழுதிய நூலகத்துக்கு ஒரு கொத்துத் தரவை எப்படிப் பத்திரமாகக் கொடுப்பது என்று. கையேட்டில் இருக்கிறது, பாருங்கள் என்று மழுப்பிவிட்டு நான் இரண்டாவது வடையை எடுத்தேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பாடத்தை நான் கையேட்டில் படிக்கவில்லை. கலஹா ரோட்டில் ஒரு காவலரணில், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு படித்தேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. பேராதனைப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கருவிகள் பிரிவு என்று ஒன்று இருந்தது. பிரிவு என்றால் இரண்டு மேசை, மூன்று கதிரை. மூன்றாவது கதிரை குறை சொல்ல வருபவர்களுக்கு. அது ஆறவே ஆறாது.

ஒரு மேசையில் நான். புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். என் மொழியில் எழுத்தே கிடையாது. திரையில் பெட்டிகளை வைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்குக் கம்பி இழுப்பதுபோல் கோடு இழுத்தால் அதுதான் நிரல். ஓட விட்டால் மானிகள் ஆடும், விளக்குகள் மின்னும், பார்க்க வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். மற்ற மேசையில் மிஸ். யாழ்ப்பாணத்துக்காரர், சி மொழியில் எழுதுபவர். கருவியோடு பேசுகிற கடினமான வேலை எல்லாம் அவர் எழுதிய நிரல் நூலகத்துக்கு, கைதட்டல் எனக்கு. இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

அவர் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அதிலும் பிழை பிடிப்பார். "ஓம்", "இல்லை", "பாப்பம்" என்ற மூன்று சொற்களால் ஒரு வாரத்தை ஓட்டக்கூடியவர். நானோ ஒரு சொல் போதுமான இடத்தில் ஒரு கூட்டமே நடத்துபவன். எங்களைக் கூட்டி இரண்டால் வகுத்திருந்தால் நிலையத்துக்கு ஒழுங்கான ஊழியர் இருவர் கிடைத்திருப்பார்கள்.

முதல் முறை இரு மொழிகளையும் இணைத்தபோது நான் எண்களோடு தோட்டத்தின் பெயரையும் கொத்துக்குள் போட்டு அனுப்பினேன். கணினி ஒரு முறை முக்கியது, பிறகு உறைந்துவிட்டது. மூன்றாவது கதிரையில் அப்போது பணிப்பாளர் இருந்தார். அவர் போன பிறகு மிஸ் சொன்னார்:

"நீர் எனக்குப் பெயரை அனுப்பேல்லை. பெயர் இருக்கிற வீட்டின்ர விலாசம் எழுதின துண்டு எங்க கிடக்குது எண்டதை அனுப்பியிருக்கிறீர்."

"அப்ப நீங்க அங்க போய் எடுத்துக்கலாமே மிஸ்?"

"நான் போவன். சி போகாது."

அடுத்த முறை சின்ன எண்ணையும் பெரிய எண்ணையும் கலந்து அனுப்பினேன். சி மொழி பெரிய எண்களைச் சாவகாசமாக உட்கார வைப்பதற்காக நடுவில் காலி இடம் விடும். என் மொழியோ கட்டுகஸ்தோட்டை பஸ் மாதிரி இடைவெளியே இல்லாமல் அடைத்து அனுப்பும். விளைவு, முதல் எண் சரியாக வந்து இறங்கியது. இரண்டாவது எண்ணில் பாதி ஒருவர் மடியில், மீதி இன்னொருவர் மடியில். அன்று தொழிற்சாலையின் ஈரப்பதம் சூரியனுக்கும் அப்பால் போயிருந்தது.

அத்தோடு மிஸ் சட்டம் போட்டார். கொத்துக்குள் சொல் வேண்டாம், விளக்கு வேண்டாம். எண் மட்டும், எல்லாம் ஒரே அளவு. முதலாவது வெப்பநிலை, இரண்டாவது ஈரப்பதம், மூன்றாவது அடுத்த அளவீட்டுக்கு மீதியிருக்கும் விநாடி.

"இந்த ஒழுங்கை மாத்தப்படாது."

"சத்தியமா மாத்த மாட்டேன் மிஸ்."

மாற்றவும் இல்லை. இன்றைக்கும் சத்தியம் செய்வேன், நான் ஒழுங்கை மாற்றவில்லை. திரையை அலங்கரித்தேன், அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாம்பல் நிறத்தில் ஓர் உலோகப் பெட்டி. உள்ளே பற்றரி. வெளியே மூன்று நிறங்களில் வயர். வயரின் நுனியில் ஓர் உருக்குக் குச்சி. நிமிடத்துக்கு ஒரு முறை உள்ளே ஓர் ஆளி, அதாவது சுவிட்ச், "டக்" என்று விழும், சின்ன விசிறி ஒன்று உறுமிக்கொண்டு காற்றை இழுக்கும், அப்போது அளவெடுக்கும். அடுத்த அளவுவரை விநாடிகளைக் கீழ்நோக்கி எண்ணிக்கொண்டிருக்கும். கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடிக்காகச் செய்தது. நல்ல கருவி. ஆனால் யுத்தம் காரணமாகக் கண்டியைச் சுற்றி ஒவ்வொரு பாலத்தடியிலும் மணல்மூட்டை அடுக்கியிருந்த அந்த வருடங்களில் செய்யக்கூடிய கருவியா அது? யோசித்துப் பாருங்கள். நாங்கள் யோசிக்கவில்லை.

அதை பஸ்ஸில் கொண்டுபோக இரண்டு தமிழர்கள் புறப்பட்டார்கள். நிலையத்து வான் வண்டி, பணிப்பாளரின் மைத்துனர் கல்யாணத்துக்குப் போயிருந்தது.

முதல் நாள் மாலை மிஸ் பெட்டியைக் கட்டிப் பொதிந்து வைத்துவிட்டுப் போனபின், எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வரும் நேரங்களில் யாராவது பக்கத்தில் இருப்பது நல்லது. தோட்டத்துத் துரைக்குக் கண்ணாடி போடப் பிடிக்காது, திரையில் வெப்பநிலை கடுகு அளவில் இருந்தது, எப்படித் தெரியும்? அதை அழித்துவிட்டுப் புதிதாகப் பெரிய பெட்டி ஒன்று வைத்தேன். இலக்கம் ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. நிறம், இரத்தச் சிவப்பு. பின்னணி, கறுப்பு. பழையது இருந்த அதே இடம், அதே பெயர். கம்பி ஒன்றும் முறியவில்லை, மொழி ஒரு முணுமுணுப்பும் காட்டவில்லை. கருவிப் பெட்டிதான் பொதிந்து கிடந்ததே, ஓட்டிப் பார்க்கவில்லை. சந்தோஷமாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் கலஹா பஸ்ஸை வழியில் மறித்தார்கள். எல்லோரும் இறங்க வேண்டும், பையைத் திறக்க வேண்டும். நான் மடியில் வைத்திருந்த பொதியை ஓர் இளம் கொன்ஸ்டபிள் பிரித்தான். "மொகத மே?" என்று கேட்டான், இது என்ன என்று. பதிலுக்குக் காத்திராமல் நான்கடி பின்னால் போனான். பஸ் எங்களை விட்டுவிட்டு வேகமாகப் போனது. பஸ்காரரைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பெட்டியைப் பார்த்திருந்தால் நானும் வேகமாகத்தான் போயிருப்பேன்.

காவலரண் என்பது மூடிக்கிடந்த ஒரு கடை. உள்ளே மேசைக்குப் பின்னால் சப் இன்ஸ்பெக்டர். இடது கன்னம் வீங்கி, ஒரு கையால் அதைப் பிடித்திருந்தார். கராம்பு வாசம் வந்தது. பல்வலி உள்ள மனிதரிடம் எதையும் விளக்கப் போகக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரிவு நம்முடையதாக இல்லை. பேச்செல்லாம் சிங்களத்தில் நடந்தது, தமிழில் எழுதுகிறேன்.

"என்ன இது?"

"வெப்பமானி சேர்."

"வெப்பமானி கக்கத்தில் வைப்பது. இதை வைக்க யானையின் கக்கம் வேண்டும்."

"கண்டியில் யானைக்குப் பஞ்சமில்லையே சேர்" என்றேன்.

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும். எனக்குப் பகிடி வரும். சின்ன வயதில், கலவரம் நடந்த ஒரு நாள், லயத்துக்குப் பின்னால் தேயிலைச் செடிகளுக்குள் வீட்டோடு ஒளிந்திருந்தபோதும் வந்தது. அப்பா என் வாயைக் கையால் பொத்தினார். அன்று காவலரணில் பொத்த ஆள் இல்லை.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அடையாள அட்டைகளைக் கேட்டார். என்னுடையதைப் பார்த்தார், தோட்டத்து விலாசம், மேசைமேல் போட்டார். மிஸ்ஸுடையதைப் பார்த்தார். யாழ்ப்பாண விலாசம். திரும்பவும் பார்த்தார். பிறகு அதைத் தன் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

அந்தப் பொத்தான்தான் அன்றைய விஷயம் முழுவதும். மிஸ் கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டில் அறை எடுத்து இருந்தார். பொலிஸில் பதிந்துதான் இருந்தார். ஆனால், "ஒரு ராத்திரி பொலிஸில இருந்தா அப்புறம் இங்க வர வேண்டாம்" என்று வீட்டுக்காரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். அது போகட்டும், அறை இன்னொன்று தேடலாம். மிஸ்ஸின் தம்பியைக் கொழும்பில் ஒரு லொட்ஜிலிருந்து, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சொல்லித்தான் பொலிஸார் கூட்டிப்போனார்கள். அவன் வெளியே வர மாதக்கணக்கானது. வெளியே வந்தவன் பிறகு பழைய ஆளாக இல்லை. மிஸ் இதை எனக்கு ஒரே ஒரு முறை, ஒரே ஒரு வசனத்தில் சொல்லியிருந்தார்.

"நிலையத்தின் கடிதம் இருக்கிறது சேர்" என்று நீட்டினேன்.

"உபகரணங்கள் என்று போட்டிருக்கிறது." அவர் கையை மாற்றிக் கன்னத்தைப் பிடித்தார். "குண்டும் உபகரணம்தான். நிலையத்துக்கு ஃபோன் எடுக்கலாம் என்றால் லைன் இல்லை. பின்னேரம் ஜீப் வரும். இந்தப் பெண்ணைக் கண்டிக்கு அனுப்புகிறேன். அங்கே விசாரிப்பார்கள்."

மிஸ் கைப்பையின் வாரை ஒரு விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"ஓட்டிக் காட்டுகிறோம் சேர்!" என்றேன் நான். "மடிக்கணினி இருக்கிறது. பார்த்தால் உங்களுக்கே விளங்கும்."

மிஸ் என் பக்கம் திரும்பி, அன்று முதலும் கடைசியுமாக அந்த அறைக்குள் தமிழில் கேட்டார்: "நீர் ஓட்டிப் பாத்தனீரோ?"

"எல்லாம் ரெடி மிஸ்."

கணினி விழித்தது. பெட்டியை இணைத்தேன். துரைக்காக நான் செய்த அலங்காரம் திரையை நிறைத்துக்கொண்டு எழுந்தது. கறுப்புப் பின்னணியில், உள்ளங்கை அளவில், இரத்தச் சிவப்பில்:

41.

40.

39.

இன்ஸ்பெக்டர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"இது வெப்பநிலையா?"

"ஆமா சேர்."

"குறைகிறது."

"குறைகிறது சேர்."

"விநாடிக்கு ஒன்று."

"மலைநாடு இல்லையா சேர்," என்றேன். "குளிர் பிரதேசம்."

இந்தப் பதிலை நினைத்து இன்றைக்கும் சில இரவுகளில் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறேன்.

"பூச்சியத்துக்கு வந்தால் என்ன நடக்கும்?" என்று கேட்டுக்கொண்டே அவர் எழுந்தார். கதிரை பின்னால் விழுந்தது. கொன்ஸ்டபிள் வாசலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். நான் நிறுத்திவிடலாம் என்று விசைப்பலகைக்குக் கையை நீட்டினேன்.

"கையைத் தூக்கு!"

தூக்கினேன். எவ்வளவு உயரம் என்றால், கடையின் கூரையில் ஒட்டடை கையில் பட்டது.

இந்த இடத்தில்தான், பிள்ளைகளே, உங்களில் யாராவது தூங்கியிருந்தால் எழும்ப வேண்டும். மிஸ் என்னோடு பேசினார். ஆனால் சிங்களத்தில் பேசினார். இரண்டு தமிழர்கள், ஒரு குண்டுப் பெட்டி, நடுவில் ஒரு பொலிஸ்காரர். அந்த நேரம் எங்களுக்குள் ஒரு சொல் தமிழில் போயிருந்தாலும் அவருக்கு அது சதி. அரசாங்கப் பரீட்சைக்குப் படித்த சிங்களம், யாழ்ப்பாணத்து வாயில். கேட்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும்.

"நேற்று திரையில் எதையாவது அழித்துவிட்டுப் புதிதாக வைத்தீர்களா?"

"வெப்பநிலையை."

"வேறு?"

"வேறொன்றும் இல்லை."

அவ்வளவுதான் கேட்டார். பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். திரையில் இருபதுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது.

"சேர், பூச்சியத்துக்கு வரும்போது பெட்டிக்குள் டக் என்று ஒரு சத்தம் கேட்கும். பிறகு ஒரு விசிறி சுற்றும். பிறகு மறுபடி அறுபதிலிருந்து எண்ணும். வேறு எதுவும் நடக்காது."

"நிறுத்தச் சொல்!"

"நிறுத்தினால் அது குண்டு இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் வெளியே நில்லுங்கள். நான் இதற்குப் பக்கத்தில் இருக்கிறேன்."

சொல்லிவிட்டு, விழுந்த கதிரையை நிமிர்த்தி, பெட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து, பெட்டியின் மேல் கையை வைத்தார். இன்ஸ்பெக்டர் வெளியே போகவில்லை. ஒரு பெண் உட்கார்ந்திருக்கும்போது போவதற்கு அவருக்கு ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். என்னைப் போகச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மூன்று. இரண்டு. ஒன்று.

டக்.

வெளியே கொன்ஸ்டபிள் மணல்மூட்டைக்குப் பின்னால் விழுந்த சத்தம் நன்றாகக் கேட்டது. உள்ளே விசிறி உறுமியது. நின்றது. திரையில் 60 வந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் அந்த "டக்" அவர்களை எங்கள்மேல் சுட வைத்திருக்கும். முன்கூட்டியே சொன்னதால் அது சாட்சியாகிவிட்டது.

இன்ஸ்பெக்டர் மெதுவாக உள்ளே வந்தார்.

"சரி. வெடிக்கவில்லை. வெப்பநிலை என்று எழுதிவிட்டு ஏன் பூச்சியத்துக்கு எண்ணுகிறது? என்னிடம் எதை மறைக்கிறீர்கள்?"

"எழுதியவர் இவர்," என்றார் மிஸ், என்னைக் காட்டி. "இவர் ஒரு மோடயா, சேர்."

மோடயா என்றால் முட்டாள் என்று இலங்கையில் எந்தத் தமிழனுக்கும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. கைகள் மேலே இருந்ததால் என்னால் மறுப்புத் தெரிவிக்கவும் முடியவில்லை.

"பெட்டி பொய் சொல்லவில்லை. மூன்று எண்களும் சரியாகத்தான் வருகின்றன. இவர் பெயர்ப்பலகைகளை இடம் மாற்றிவிட்டார். ஈரப்பதம் என்று எழுதியிருக்கிறதே, இருபத்து நான்கு, அதுதான் உண்மையான வெப்பநிலை. உங்கள் தேநீரைத் தர முடியுமா?"

மேசையில் அவருடைய பிளேன்டீ ஆவி பறந்துகொண்டிருந்தது. பல்வலியில் அவர் அதைத் தொடவில்லை. மிஸ் உருக்குக் குச்சியை அதற்குள் விட்டார். "அடுத்த டக் வரை பொறுக்க வேண்டும்" என்றார். மூவரும் சிவப்பு இலக்கம் குறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எனக்குக் கை மேலே, வேறு வேலை இல்லை. அந்த ஒரு நிமிடத்தில் உங்களுக்கு நடந்ததை விளக்கிவிடுகிறேன்.

சி மொழிக்கு மூக்கு இல்லை. நீங்கள் கொடுக்கும் கொத்து, டிபன் கரியர் மாதிரி. முதல் தட்டில் இருப்பது சோறு, இரண்டாவதில் இருப்பது கறி, மூன்றாவதில் பாயசம் என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அது தட்டை எண்ணும், மணந்து பார்க்காது. மிஸ்ஸின் நூலகம் முதல் தட்டில் வெப்பநிலையைப் போட்டு அனுப்பியது, எப்போதும் போல. என் பக்கத்தில் எது முதல் தட்டு? திரையில் எது மேலே இருக்கிறதோ அது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. எது முதலில் கொத்துக்குள் வந்ததோ அதுதான் முதல் தட்டு. பழைய வெப்பநிலையை அழித்த கணமே ஈரப்பதம் முதலாவதாகவும், மீதி விநாடி இரண்டாவதாகவும் ஒரு படி முன்னேறிவிட்டன. புதிதாக வந்த என் சிவப்பு அழகி, பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தாலும், வரிசையில் கடைசி. மூன்றாவது எண் வந்து அதில் விழுந்தது. மூன்றாவது எண், மீதி விநாடி.

மொழி ஏன் எச்சரிக்கவில்லை? ஏனென்றால் எல்லாம் ஒரே அளவு எண். போன முறை பாதி பாதியாகப் பிய்ந்தபோது ஈரப்பதம் சூரியனுக்குப் போனது. யாருக்கும் உடனே தெரிந்தது. அந்த ஓட்டையை அடைக்க எல்லாவற்றையும் ஒரே அளவாக்கினோம். ஓட்டையோடு எச்சரிக்கை மணியையும் சேர்த்து அடைத்துவிட்டோம். இப்போது பிழை நல்ல சட்டை போட்டுக்கொண்டு, வழித்துச் சீவிக்கொண்டு, நம்பக்கூடிய முகத்தோடு வரும். பயப்பட வேண்டியது அந்தப் பிழைக்குத்தான். கொத்துக்குள் எதைத் தொட்டாலும், வெளியே போவதற்கு முன், நூலகத்தின் பக்கமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று வெவ்வேறு எண்களை அனுப்பி, எது எந்தப் பெயருக்குக் கீழே வருகிறது என்று கண்ணால் பாருங்கள். அவ்வளவு சின்ன வேலை. பெட்டிகூட வேண்டாம். நான் அன்று மாலை அதைச் செய்யாமல் சிவப்பில் எந்தச் சிவப்பு என்று தேடிக்கொண்டிருந்தேன்.

டக்.

ஈரப்பதம் என்று எழுதிய இடத்தில் இருபத்து நான்கு அறுபத்து மூன்றாகத் துள்ளியது.

இன்ஸ்பெக்டர் திரையைப் பார்த்தார். தேநீரைப் பார்த்தார். குச்சியை எடுத்துத் தன் கைலேஞ்சியால் துடைத்தார். அதை ஆராய்ச்சி செய்யப் போகிறார் என்று நினைத்தேன். வீங்கிய கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, அடுத்த "டக்" வரை அசையாமல் நின்றார். கொன்ஸ்டபிள் வாசலில் தலையை நீட்டிப் பார்த்தான். மேலதிகாரி குண்டைக் கன்னத்தில் வைத்திருப்பதைக் கண்டதும் தலையை இழுத்துக்கொண்டான்.

டக். முப்பத்தாறு.

"காய்ச்சலா?" என்று கேட்டார், மிஸ்ஸைப் பார்த்து.

"இல்லை சேர். பல்லைப் பிடுங்க வேண்டும்."

அவர் என் பக்கம் திரும்பி என்னைக் கால்முதல் தலைவரை, உயர்த்திய கைவரை, நிதானமாகப் பார்த்தார்.

"நீ உண்மையிலேயே இஞ்சினியரா?"

"சான்றிதழ் இருக்கு சேர்."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வலியில் முனகிக்கொண்டு, சுவரில் சாய்ந்து சிரித்தார். சிரித்து முடிந்ததும் சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றி, அட்டையை எடுத்து, மிஸ்ஸிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். எனக்குக் கையை இறக்கச் சொல்ல எல்லோருக்கும் மறந்துவிட்டது. நானாகவே இறக்கினேன்.

ரோட்டோரத்தில் அடுத்த பஸ்ஸுக்கு நின்றோம். தேயிலைச் சரிவில் வெயில் ஏறியிருந்தது. மிஸ் அட்டையைக் கைப்பைக்குள் வைத்தார். எடுத்துப் பார்த்தார். திரும்ப வைத்தார்.  

நான் மதகில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து வரிசையைச் சரிசெய்தேன். அரை நிமிட வேலை. உள்ளே வைத்தே இதைச் செய்திருக்கலாமே என்று முதலில் தோன்றியது. பிறகு விளங்கியது. அங்கே நான் விசைப்பலகையைத் தொட்டிருந்தால் எண்கள் சரியாக வந்திருக்கும், மிஸ் ஜீப்பில் போயிருப்பார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு திரை திடீரென்று நல்லபிள்ளை ஆனால் எந்தப் பொலிஸ்காரர் நம்புவார்? பிழையைப் பிழையாகவே விட்டு, அது எப்படிப் பிழை என்று காட்டியதால்தான் வெளியே வந்தோம். உங்கள் வாடிக்கையாளர் முன்னால் ஏதாவது கோணலாக ஓடும்போது, கை தானாக விசைப்பலகைக்குப் போகும். எனக்கும் போனது. அந்த நேரம் யாராவது கையைத் தூக்கச் சொன்னால் நன்றி சொல்லுங்கள்.

இதெல்லாம் விளங்கியும் ஒன்று மட்டும் மனதுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. பட்டம் வாங்கியவன், ஊரில் அம்மா பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பிள்ளை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

"மிஸ், ஒண்ணு கேட்கவா?"

"ம்."

"அந்த ஆளு முன்னாடி என்னைய ஏன் மோடயான்னு சொன்னீங்க? வேலைக்குப் புதுசு, கண்ணு சரியில்ல, ராத்திரி தூக்கமில்லைன்னு ஏதாச்சும் மரியாதையா சொல்லியிருக்கலாம்ல?"

பஸ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. மிஸ் கையை நீட்டி அதை மறித்துக்கொண்டே சொன்னார்:

"அது ஒண்டைத்தான் அவர் உடன நம்பினவர்."